காரணம் என்ற கட்டம்

ராணிப்பேட்டை ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ்.
இரண்டு கோட்டு பெயின்ட் அடித்தும்
நெற்றியில் அந்தத் திருப்பிப்போட்ட எழுத்துகள்
வெயில் சாய்ந்தால் மேலே வருகின்றன,
ஆறிய தழும்பு குளிரில் தெரிவதுபோல.

ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் என் படுக்கை.
ஆக்சிஜன் மாட்டிய வளையத்தில் ஐந்து கிலோ கேஸ்.
சலைன் கொக்கியில் ஒரு சீப்பு ஏலக்கி,
வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு.
ஓட்டுவது தில்லைநாயகி, என் நாத்தனார்.
அவள் அண்ணனை நான் விட்டு ஒன்பது வருஷம்.
அவளை விடவில்லை, அவளும் என்னை.
இதற்கு என்ன முறை என்று
குடியாத்தம் காய்கறிக்கடைக்காரர் கேட்டார்.
தக்காளியை எடை போடச் சொன்னோம்.

எல்லை தாண்டிய சாவடியில் முனிரத்னம்
டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்:
அடுப்பு, அரிசி, மடக்குமேசை, இரண்டு பெண்கள்.
"பேஷன்ட் எக்கட?"
"பேஷன்ட் லேது" என்றாள் தில்லை.
அவளுக்குத் தெரிந்த தெலுங்கில் பாதி அது.
"ஏனுகுலு உன்னாயி. ராத்திரி லோபல ஆகொத்து."
நோட்டில் வண்டி எண் எழுதினார், நேரம் எழுதினார்.
காரணம் என்ற கட்டத்தில்
சற்றுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு
ஒரு கோடு போட்டார்.

யானை இருக்கிறது, நிற்காதே என்றால்
நிற்காமல் போகத்தான் நினைத்தோம்.
பலமனேர் ஏற்றத்தில் ஏதோ ஒரு வளைவில்
ஃபேன் பெல்ட் அறுந்தது.
கையில் எடுத்தால் கருவாடுபோல் விறைப்பு.
செல்போனில் ஒரு கோடு தமிழ்நாடு,
அப்புறம் ஒரு கோடு ஆந்திரம்,
அப்புறம் இரண்டுமே இல்லை.

உப்புமா கிண்டினேன். அடிப்பிடித்தது.
தில்லை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்,
சொல்லியிருந்தால் தேவலை.
விளக்கை அணைத்தபின் இருட்டிலும் ரகம் தெரிந்தது:
மூங்கிலுக்குள் கெட்டியாய் ஒன்று,
பாறைமேல் சாம்பல் கலந்து ஒன்று,
கண்ணாடிக்கு இந்தப்பக்கம்
எங்கள் இரண்டு பேரின் மூச்சுவிட்ட இருட்டு.

ஒரு மணி இருக்கும். வாழைச்சீப்பு ஆடியது.
வண்டி நின்றிருக்க, காற்றும் இல்லாமல்,
கொக்கியில் மெல்ல இடம், வலம்.

பிறகு தகரத்தில் ஒரு உரசல்,
யாரோ நெல்மூட்டையை இழுத்துப்போவதுபோல.
கம்பிவலை வழியாகப் புளித்த தழையின் வாசம்.
வண்டி ஒருபக்கம் சாய்ந்தது.
தட்டுகள் ஒன்றோடொன்று ரகசியம் பேசின.

தில்லையின் கை முன்பக்கம் நீண்டது.
சைரன் ஸ்விட்ச்.
மற்ற வயரையெல்லாம் பிடுங்கிய மெக்கானிக் நாசர்
அதை மட்டும் விட்டுவைத்திருந்தான்,
"இருக்கட்டும்கா, ஆத்திர அவசரத்துக்கு."
எத்தனை ஊரை ஒதுங்க வைத்திருக்கும் இந்த வண்டி,
மணல் லாரியை, மாப்பிள்ளை ஊர்வலத்தை,
கொடி கட்டிய கார்களை.
நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
அழுத்தாதே என்றா, அழுத்து என்றா,
எனக்கே தெரியாது.
அன்றைக்கு ஒதுங்க வேண்டியவர்கள் நாங்கள்.
ஒதுங்கப் பெல்ட் இல்லை.

நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
வண்டி நிமிர்ந்தது.
பெரிய நடைக்குப் பின்னால் சின்னதாய் ஒரு நடை,
இரண்டு எட்டு ஓடி, நின்று, மறுபடி ஓடி.
சீப்பு ஆடி ஆடி அடங்கியது.
மணிக்கட்டை எப்போது விட்டேன் என்று
நினைவில்லை.

விடிந்தபோது பக்கவாட்டில் சேறு,
என் தலைக்கு மேல் ஒரு முழம் வரை.
உரசிப் பெயின்ட் போன இடத்தில்
பழைய சிவப்பு அடையாளத்தின் ஒரு கை.

மேல்சாவடிக்கு வண்டி வந்துசேரவில்லையென்று
வயர்லெஸ்ஸில் கேட்டுவிட்டு
முனிரத்னம் பைக்கில் வந்தார்.
திட்டுவார் என்று நினைத்தோம்.
சேற்றை விரலால் தொட்டார், முகர்ந்தார்,
இன்னும் ஈரம் என்று எங்களிடம் விரலைக் காட்டினார்.
பிறகு நோட்டைத் திறந்து
நேற்றைய கோட்டுக்கு மேலே
தெலுங்கில் என்னவோ எழுதினார், ஒரே ஒரு சொல்.
இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது.
கேட்கவும் இல்லை.

சீப்பிலிருந்து ஒரு பழம் பிய்த்துக் கொடுத்தாள் தில்லை.
தின்றுவிட்டுத் தோலை
சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு
பெல்ட் வாங்கக் கீழே போனார்.